பெருஞ்சோறும் தழிஞ்சியும்: படைவீரரை மகிழ்விக்கும் கலைமரபு குறித்த ஒரு மறுவாசிப்பு

தொல்காப்பியப் புறத்திணையியல் வஞ்சித்திணைக்கு வகுக்கும் பதின்மூன்று துறைகளுள் ஒன்பதாவது பெருஞ்சோற்று நிலை. இறுதியாக நிற்பது தழிஞ்சி. போருக்குப் புறப்படும் முன்னர் அரசன் தன் படையினருக்கு உணவளித்து ஊக்குவது முன்னது. புண்பட்ட வீரரை அரசன் தானே சென்று கண்டு, வினவி, பொருள் கொடுத்துத் தழுவிக்கொள்வது நச்சினார்க்கினியர் கொண்ட பொருளில் பின்னது. ஒன்று களத்துக்கு அனுப்பும் செயல். மற்றது களத்தில் வீழ்ந்தவனின் அருகே நிற்கும் செயல். இரண்டையும் ஒரே நூற்பாவுக்குள் வைத்த இலக்கணி, படையின் உளத்திட்பம் என்று இன்றைய இராணுவ மொழி குறிப்பிடும் பொருளுக்கு இரண்டு வாயில்கள் உண்டு என அறிந்திருந்தான் என்றே கொள்ள வேண்டும். பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை தழிஞ்சிக்குத் தோற்றோடுவோர் மீது படைக்கலம் செலுத்தாமை என வேறொரு பொருள் தந்தது. அதுவும் சீரிய அறமே. ஆயினும் அந்த மாற்றத்தினூடே புண்பட்ட வீரனின் படுக்கையருகே நின்ற அரசன் துறைப் பட்டியலிலிருந்து மெல்ல மறைந்துபோனான்.

இம்மறைவு உரைகாரர் வேறுபாடு என்னும் அளவில் முடிவதன்று. தமிழில் போர்ப்பாடல் பற்றிய திறனாய்வு, மிகப் பெரும்பாலும், பெருஞ்சோற்று நிலையின் திறனாய்வாகவே வளர்ந்திருக்கிறது. படைவீரனுக்காக ஆக்கப்பட்ட கலை அவனுக்கு வீரம் ஊட்டுவது என்ற முற்கோள் ஏறத்தாழ வினாவப்படாமலே நிற்கிறது. ஈழப் போரின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த ஒரு பெருஞ்சமூகம் குடியேறி வாழும் ஸ்காபரோ போன்ற ஓரிடத்தில் அம்முற்கோளை மீண்டும் சோதித்துப் பார்ப்பது ஆய்வுக் கடமையாகிறது.

சான்றோர் செய்யுளில் பாசறை

க. கைலாசபதியின் பர்மிங்காம் ஆய்வேட்டிலிருந்து உருவாகி 1968இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல், புறப்பாடல்களைக் கிரேக்க, அயர்லாந்து வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, பாணரும் பொருநரும் வீர விழுமியங்களைப் பேணிய தொழின்முறைக் கலைஞர் என நிறுவியது. ஜோர்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூல், முரசறைவோரும் துடியரும் பறையரும் கையாண்ட சடங்காற்றலின்பால் கவனத்தைத் திருப்பியது. கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய தம் நூலில் (1981) நிகழ்த்துநரின் சமூகத் தளத்தை விரிவாக வரைந்து காட்டினார். மூவருடைய பணியும் இன்றும் அடித்தளமாக நிற்பதே. ஆனால் மூவரும் பாடியவனை நோக்கினர். அல்லது பாடப்பட்ட தலைவனை நோக்கினர். பாட்டைக் கேட்டுக்கொண்டு பாசறையில் கிடந்த பெயரற்ற வீரன் அவர்களுடைய சட்டகத்துள் ஓரமாகவே நின்றான்.

கலைஞர் பாசறைக்குச் சென்றனர் என்பதில் ஐயமில்லை. புறநானூற்றின் 64ஆம் பாடலில் நெடும்பல்லியத்தனார் யாழையும் ஆகுளியையும் பதலையையும் கட்டிக்கொண்டு முதுகுடுமியைக் காணப் போகலாம் என விறலியை அழைக்கிறார். அவர்கள் செல்லவிருக்கும் இடம் அரண்மனை அன்று. பகைவர் நிலத்தில் யானைகள் பொருத களம். 290ஆம் பாடலில் ஔவையார் கள்ளை முதலில் ஒரு குறிப்பிட்ட வீரனுக்கு வழங்குமாறு தலைவனிடம் சொல்கிறார். அவனுடைய பாட்டன் இவனுடைய பாட்டனுக்காகக் களத்தில் மாய்ந்தவன் என்பது காரணம். குடிநிலை உரைத்தல் என உரையாசிரியர் வகைப்படுத்தும் இப்பாட்டு, படை மகிழ்வின் உள்ளியக்கத்தை நன்கு காட்டுகிறது. கள் மகிழ்ச்சியைத் தருகிறது; கள்ளோடு சேர்த்துச் சொல்லப்படும் பாட்டன் கதை கடனைத் தருகிறது. அருந்துபவன் இனிச் சாகாமல் இருப்பது அரிது. இதனைப் புகழ்ச்சி என்று மட்டும் படிப்பது பாட்டின் கூர்மையை மழுக்குவதாகும்.

அனுப்பும் பாட்டின் உச்சம் ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடல். முன்னரே தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பெண் செருப்பறை கேட்டதும் தன் ஒரே மகனைத் தலைவாரி, வேல் கொடுத்து அனுப்புகிறாள். இருபதாம் நூற்றாண்டின் மேடைத்தமிழ் இப்பாடலைத் தாய்மையின் மறமாகப் போற்றி ஓயவில்லை. இதற்கு இரண்டு பாடல்கள் தள்ளி, அதே தொகையுள், அரிசில்கிழாரின் 281ஆம் பாடல் இருக்கிறது. அங்கும் பெண்களே பேசுகின்றனர். வேப்பிலையும் இரவமும் வீட்டில் செருகி, ஐயவி சிதறி, மணி இயக்கி, குழல் ஊதி, யாழோடு காஞ்சிப் பண் பாடி, புண்பட்ட வீரனைக் காக்கத் தோழியை அழைக்கிறாள் ஒருத்தி. இசை இங்கே மருந்தின் இடத்தில் வைக்கப்படுகிறது. போரில் ஈடுபட்டவனுக்காக இசை நிகழ்த்துவதற்குத் தமிழில் கிடைக்கும் மிகத் தெளிவான பழஞ்சான்று இதுவே எனலாம். மேடையில் இப்பாடலை மேற்கோளாகக் கேட்பது அரிது. முழக்கமாகும் தன்மை அதற்கு இல்லை.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு பாசறையை இடம் இடமாக விரித்துக் காட்டுகிறது. முள்வேலி, யானைப்பாகர், கச்சில் குறுவாள் செருகி விளக்கேற்றும் பெண்கள், நாழிகைக் கணக்கர், யவனர், வாய்பேசாது சைகையால் உரையாடும் மிலேச்சர் எல்லாரும் அங்கு உளர். பாணன் இல்லை, விறலி இல்லை. நூற்று மூன்று அடிகளில் பாசறைக்கென இத்துணை இடம் ஒதுக்கிய புலவர் கேளிக்கைக்கு ஓரடியும் ஒதுக்கவில்லை. உறக்கம் வராத அரசன் ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையால் தலையைத் தாங்கி, முந்நாள் போரில் புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரரையும் அம்பு தைத்துத் தீனி கொள்ளாத குதிரைகளையும் எண்ணிக்கொண்டிருக்கிறான். நக்கீரரின் நெடுநல்வாடை இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. வாடை வீசும் நள்ளிரவில், நழுவும் மேலாடையை இடப்புறம் அணைத்தபடி, ஓர் இளவீரன் தோளில் கைவைத்து, விளக்கொளியில் புண்பட்டவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கண்டு நடக்கிறான் பாண்டியன். முன்செல்பவன் வேலால் சுட்டிக் காட்டுகிறான். அரசன் முகம் மலர்ந்து நோக்குகிறான்.

அகமாகத் தோன்றும் இப்பாட்டைப் புறம் எனக் கொள்ள உரைமரபு காட்டும் காரணம், வேலில் கட்டிய வேப்பந்தார் பாண்டியனைச் சுட்டிவிட்டது என்பது. அடையாளப்பூ ஒன்றால் திணை மாறிற்று என்ற விளக்கம் இலக்கணத்துக்குப் போதும், பாட்டுக்குப் போதாது. அரண்மனையில் துயிலாத மனைவியும் பாசறையில் துயிலாத கணவனும் ஒரே வாடையில் நிற்கின்றனர். அவளைத் தேற்றும் செவிலியரின் சொற்கள் பயன்படவில்லை. அவன் தேற்றும் வீரர்கள் தேறினரா என்று புலவர் சொல்லவும் இல்லை. புலவர் காட்டுவது இவ்வளவே: அவன் அங்கே போனான்.

பரணியின் அடுகளம்

இவ்விரு போக்கும் பிற்காலத்தில் எவ்வாறு பிணைந்தன என்பதற்குக் கலிங்கத்துப்பரணி வியப்பூட்டும் சான்று. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடும் சயங்கொண்டார், நூலைப் போர்க்களத்தில் தொடங்கவில்லை. கடைதிறப்பில், போர்மேற்சென்று காலம் தாழ்த்து மீண்ட கணவரோடு ஊடிக் கதவடைத்திருக்கும் மகளிரைக் கதவு திறக்குமாறு வேண்டித் தொடங்குகிறார். வெற்றிச் செய்தியின் முதற் கேட்போர் காத்திருந்து சினந்த பெண்கள். நூலின் இறுதியிலோ பெருஞ்சோறு தலைகீழாகிறது. களத்தில் சோறு சமைக்கப்படுகிறது; உண்பவை பேய்கள்; உணவாவது படை. கூழ் அடுதலின் நகைச்சுவையை வெற்றிக் களிப்பு என்று விளக்கிக் கடப்பது வழக்கம். போருக்கு முன் உண்டவனே போருக்குப்பின் உணவாகிறான் என்னும் நேர்கோடு அப்பகுதியில் அவ்வளவு வெளிப்படையாக இருக்க, அதனை வெறும் களிப்பாகக் காண்பதற்குச் சற்று முயற்சி தேவைப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் ஏற்பாடுகள்

படைவீரரை மகிழ்வித்தல் அரசின் துறையாக, செலவுக் கணக்கும் படிவங்களும் உடைய ஏற்பாடாக மாறியது இரு உலகப் போர்களின் காலத்தில். பிரித்தானியாவில் 1939இல் பேசில் டீன் தலைமையில் என்சா என்னும் அமைப்பும், அமெரிக்காவில் 1941இல் யு.எஸ்.ஓ. என்னும் அமைப்பும் தோன்றின. கனடாவின் பங்களிப்பு இவற்றுக்கு முந்தியது. 1917இல் பிரான்ஸின் விமிக் குன்றை அண்டிய பகுதியில், கனடியப் படையின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்த மெர்ட்டன் பிளங்கெட், சிப்பாய்களையே நடிகராக்கி ‘டம்பெல்ஸ்’ என்னும் குழுவை அமைத்தார்; பெயர் அப்பிரிவின் சின்னத்திலிருந்து வந்தது. பெண்வேடமிட்ட ஆண்கள், அதிகாரியைக் கேலிசெய்யும் துணுக்குகள், சேற்றையும் பேனையும் பற்றிய பாட்டுகள் ஆகியவையே அவர்களுடைய சரக்கு. வீரம் பற்றிய பாட்டை வீரர் கேட்க விரும்பவில்லை என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். காலையில் பதுங்குகுழியில் நின்றவன்தானே மாலையில் மேடையில் நின்றான். போருக்குப்பின் அக்குழு கனடா முழுவதும் சுற்றி, 1921இல் நியூயோர்க்கின் பிரோட்வே வரை சென்றது. தெருக்கூத்தின் கட்டியங்காரனை அறிந்தவர்க்கு இக்கலையின் தருக்கம் அயலாக இராது.

இரண்டாம் உலகப் போரில் எழுந்த ஒரு விவாதம் இங்கு மிகவும் பொருந்துவது. 1941இல் பி.பி.சி. வெரா லின் பாடிய மடல் வடிவ நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, பிரிவையும் வீட்டையும் நினைவூட்டும் பாடல்கள் சிப்பாயின் உறுதியைக் குலைக்கும் என்ற கண்டனம் எழுந்தது. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் மிகையான உருக்கப் பாடல்களைக் கட்டுப்படுத்தும் கொள்கையும் வகுத்தது. எதிரணியிலும் இதுவே நிகழ்ந்தது. லாலே ஆண்டர்சன் 1939இல் பாடிய ‘லிலி மார்லீன்’ 1941இல் பெல்கிரேட் இராணுவ வானொலி வழியாகப் பரவி வட ஆப்பிரிக்கக் களத்தின் இரு பக்கத்தினரும் கேட்கும் பாட்டாயிற்று. கோயபெல்சுக்கு அது பிடிக்கவில்லை. அதிகாரிகள் தும்பையை விரும்பினர். சிப்பாய்கள் முல்லையைத் தேர்ந்தனர். தமிழ்த் திணைக் கோட்பாடு இவ்விவாதத்தில் புகுந்திருந்தால் அதிகாரிகளின் அச்சம் அடிப்படையற்றது என்று காட்டியிருக்கும். முல்லைத்திணைக்குப் புறன் வஞ்சி என்பது தொல்காப்பியம். காத்திருத்தலும் படையெடுத்தலும் ஒன்றன் இரு பக்கங்கள்; ஒன்றை நீக்கி மற்றொன்றை வளர்க்க இயலாது. வெரா லின் 1944இல் பர்மா முனைக்கே சென்று பதினான்காம் படையினர் முன் பாடினார். அவர் நினைவில் நிற்பதற்கு அவருடைய குரல் மட்டும் காரணமன்று.

அதே ஆண்டில் வங்கக் கடலின் இரு கரைகளிலும் தமிழர் இருந்தனர். பிரித்தானிய இந்தியப் படையில் ஒரு பகுதியினர். நேதாஜி 1943 சூலையில் சிங்கப்பூர் வந்தபின் விரிவடைந்த இந்திய தேசிய இராணுவத்தில் மற்றொரு பகுதியினர். அவ்வாண்டு ஒக்டோபரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படைப்பிரிவில், சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமியின் தலைமையில், மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பெருந்தொகையினர். அவர்களுக்குக் கட்டளைகளும் அணிவகுப்புப் பாடல்களும் இந்துஸ்தானியில் கற்பிக்கப்பட்டன. ஆசாத் ஹிந்து வானொலி தமிழிலும் ஒலித்தது. தாய்மொழியில் அழைக்கப்பட்டு, அறியாத மொழியில் பாடி நடந்த அப்பெண்களின் அனுபவம் தமிழ் இலக்கிய வரலாற்றில் உரிய இடத்தைப் பெறவில்லை. தோட்டத்து லயன்களில் பிறந்த அவர்கள் தங்களுக்குள் எப்பாட்டைப் பாடிக்கொண்டனர் என்ற வினா, அணிவகுப்புப் பாடல்களின் வரலாற்றைவிடத் தமிழியலுக்கு நெருக்கமானது.

எதிர்க்கரையில், 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு மாறியது. அதன் வானொலியான ‘ரேடியோ சியாக்’ கொழும்பிலிருந்து படையினருக்காக ஒலிபரப்பியது. அதற்கென ஏக்கலையில் நிறுவப்பட்ட நூறு கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி போர் முடிந்தபின், 1946இல்தான் இயங்கத் தொடங்கியது. வீரர் கலைந்து வீடு திரும்பினர், கருவி நின்றது. இலங்கை வானொலி அதனைப் பெற்று, 1950 செப்டெம்பரில் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952இல் பி.வி. கேஸ்கர் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகி அகில இந்திய வானொலியில் திரையிசையை ஒடுக்கியபோது, தமிழகத்து வீடுகள் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பின. மயில்வாகனத்தின் குரல் கடல் கடந்து பழகியது. 1957இல் விவித பாரதி தோன்றும்வரை தமிழ்த் திரைப்பாட்டின் பேரொலிபரப்பியாக விளங்கியது, சிப்பாயின் தனிமையைப் போக்கக் கட்டப்பட்ட ஒரு கோபுரம். ஒரு தலைமுறைத் தமிழரின் இசைச் செவியை வடித்ததில் பர்மாப் போர்முனையின் தனிமைக்கு இவ்வாறு ஒரு மறைமுகப் பங்கு உண்டு.

இந்திய எல்லைப் போர்களின் காலத்தில் தமிழ்த் திரையுலகம் நேரடியாகவே இப்பணியில் இறங்கியது. சீனப் போரின் பின்னணியில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த ‘இரத்தத் திலகம்’ 1963இல் வெளிவந்தது. கண்ணதாசன் அதில் தாமே திரையில் தோன்றினார். 1965 போரை ஒட்டித் திரைக்கலைஞர் எல்லைப்புறம் சென்று வீரர் முன் நிகழ்ச்சி நடத்தினர். இவை பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் கலைஞர்களின் நினைவுகள். கேட்ட சிப்பாயின் நினைவு ஒன்றேனும் அவற்றோடு சேர்த்துத் தொகுக்கப்பட்டிருந்தால் பயன் மிகுந்திருக்கும்.

ஒலிநாடாவும் ஸ்காபரோவும்

1983க்குப் பின் கனடாவுக்கு வந்த ஈழத்தமிழர் ஸ்காபரோவில் செறிந்தனர். மளிகைக் கடைகளிலும் ஒலிநாடாக் கடைகளிலும் திரைப்பாடல் நாடாக்களுக்கு அருகே போர்க்காலப் பாடல் நாடாக்களும் வைக்கப்பட்டிருந்த காலம் அது. புதுவை இரத்தினதுரை முதலானோர் எழுதி, எஸ்.ஜி. சாந்தன் முதலானோர் பாடிய அப்பாடல்கள், களத்தில் நிற்பவனை விளித்து ஆக்கப்பட்டவை. கேட்டவர்களோ பனிக்காலத்தில் தொழிற்சாலை இரவுப்பணி முடித்து வாகனத்தில் திரும்பியவர்கள். களத்துக்கும் கேட்போனுக்கும் இடையே இத்துணைத் தொலைவு இருந்த போர்ப்பாடல் மரபு தமிழில் முன்னர் இருந்ததில்லை.

இப்பாடல்களைப் பற்றிய எழுத்து இரண்டு முகாம்களாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு சாரார் இவற்றைப் புறநானூற்றின் நேரடித் தொடர்ச்சி எனப் போற்றுகின்றனர். மறு சாரார் பரப்புரை என ஒதுக்குகின்றனர். இரு சாராரும் பாடலின் செய்தியைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை என்பதே அவர்களுக்கிடையேயுள்ள ஒற்றுமை. புறநானூற்றின் தொடர்ச்சி என்பவர் 279ஐ நினைக்கின்றனர், 281ஐ நினைப்பதில்லை. பரப்புரை என்பவர், அனுப்பும் பாட்டோடு உடனிருக்கும் பாட்டும் இறந்தவனுக்குப் பாடும் பாட்டும் அதே நாடாக்களில் கலந்து கிடப்பதைக் காண்பதில்லை.

அனுப்பும் பாட்டைப் பற்றிய தீர்ப்பில் தயக்கம் கூடாது. இவை ஒலித்த ஆண்டுகளில் சிறுவரும் படையில் சேர்க்கப்பட்டனர் என்பதை ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் தொடர்ந்து பதிவு செய்தது. கேட்போரின் வயதைக் கணக்கில் கொள்ளாத இசைநயப் பாராட்டு திறனாய்வு ஆகாது. இதே அளவுகோல் தென்னிலங்கையில் அரச படைக்காக ஆக்கப்பட்ட ‘ரணவிரு’ப் பாடல்களுக்கும் உரியது, வறிய சிங்களக் கிராமங்களின் இளைஞர்களை அவை எங்கே அனுப்பின என்பதும் அந்த மொழியின் திறனாய்வாளர் எதிர்கொள்ள வேண்டிய வினா. ஒக்கூர் மாசாத்தியாரின் தாய் தன் மகனை அனுப்பினாள். பிறர் மகனை அன்று. தொலைவிலிருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடியவருக்கும், அதனினும் தொலைவில் ஸ்காபரோவில் விலைகொடுத்து வாங்கியவருக்கும் அந்த உரிமை எவ்வாறு வந்தது என்பதை இம்மரபின் பாராட்டாளர்கள் விளக்கவில்லை.

எனினும் இத்தொகுதியில் காலத்தால் நிலைத்த பாட்டு அனுப்பும் பாட்டன்று. மாவீரர் துயிலும் இல்லங்களில் நவம்பர் 27 மாலை ஒலித்த, புதுவை இரத்தினதுரை எழுதிய பாட்டு இறந்தவரை விளிப்பது. புறப்பொருள் வெண்பாமாலை தும்பைப் படலத்தில் பாண்பாட்டு என்றொரு துறை உண்டு: களத்தில் வீழ்ந்தவர்க்கு யாழ்ப்பாணர் சாப்பண் பாடித் தம் கடனை இறுத்தல். அத்துறைக்கு இருபதாம் நூற்றாண்டின் இலக்கியம் அப்பாட்டே. கல்லறையின் முன் நிற்கும் பெற்றோர் அதனைப் பாடுவதில்லை, ஒலிபெருக்கி பாடுகிறது, அவர்கள் விளக்கேற்றுகின்றனர். பாட்டின் சொற்கள் உறுதியைப் பேசும்போது நிகழ்வில் எழுவது அழுகை. சொல்லுக்கும் நிகழ்வுக்கும் இடையே உள்ள இப்பிளவை வைத்தே அப்பாட்டை மதிப்பிட வேண்டும். அச்சிட்ட வரிகளை மட்டும் வைத்து மதிப்பிடுவோர், போற்றினும் தூற்றினும், வேறொரு பாட்டைப் பற்றியே பேசுகின்றனர்.

2009 மே மாதத்துக்குப் பின் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. எழுதிய கவிஞர் போரின் இறுதி நாள்களுக்குப்பின் காணாமலாக்கப்பட்டோர் வரிசையில் உள்ளார். சாந்தன் 2017 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் காலமானார். இடமும் கவிஞரும் பாடகரும் போன நிலையில், பாட்டு ஸ்காபரோவின் வாடகை மண்டபங்களில் ஆண்டுதோறும் ஒலிக்கிறது. அங்கு கேட்பவருள் பாதிப்பேர் போர் முடிந்தபின் வளர்ந்தவர்கள். சொற்களின் பொருள் முழுவதும் அவர்களுக்கு விளங்குவதில்லை. அருகில் அமர்ந்திருக்கும் பாட்டியின் கை ஏன் நடுங்குகிறது என்பது விளங்குகிறது. போர் ஊக்கத்துக்காக ஆக்கிய நாடா, தழிஞ்சியின் வேலையைச் செய்யத் தொடங்கியிருப்பதை இங்குக் காணலாம். புண்பட்டவர்கள் வேறு நாட்டில் இருக்கின்றனர், அரசன் இல்லை, சென்று காண்பவரும் இல்லை. பாட்டு மட்டும் வந்து அருகில் நிற்கிறது.

ஆவணப்படுத்தல் பற்றி ஒரு சொல். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழியல் இருக்கை அமைந்தபின் இவ்வகை ஆய்வுக்கு வாய்ப்பு விரிந்திருக்கிறது. பல வீடுகளின் நிலவறைகளில் அட்டைப்பெட்டிகளில் கிடக்கும் ஒலிநாடாக்களின் காந்தப்பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது. தமிழ் ஒலிநாடாத் தொகுப்புகளை விவரிக்கும் வழக்கமான முறை, பாடல் முதலடி, பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், ஆண்டு என்ற அளவில் நின்றுவிடும். இத்தொகுதிக்கு அது போதாது. எங்கே விற்றது, யார் யாருக்குப் படியெடுத்துக் கொடுத்தார், எந்தப் பாட்டு வரும்போது வீட்டில் யார் எழுந்து நாடாவை நிறுத்தினார் என்பனவும் பதிவாக வேண்டும். இரண்டாம் பக்கத்தின் மூன்றாம் பாட்டு வரைக்கும் தேய்ந்து, அதற்குப்பின் புதிதுபோலவே இருக்கும் ஒரு நாடா, அப்பாட்டைப் பற்றி எந்த மதிப்புரையும் சொல்லாத ஒன்றைச் சொல்லக்கூடும். நாடாவை அவ்விடத்தில் நிறுத்திய கைகளுக்கு உரியவர்கள் இன்று முதுமையை எட்டிவிட்டனர். அவர்களிடம் கேட்கும் காலம் குறுகிக்கொண்டிருக்கிறது.